நெல் கட்டாத மண்ணும் இலண்டனுக்குக் கட்டும் வரியும்

சங்கரன்கோயிலுக்கு அருகில் உள்ளது நெற்கட்டான்செவல். அவ்வூர்ப் பெயரே ஒரு வரலாறு. ஆற்காட்டு நவாபுக்கும் அவனைத் தாங்கி நின்ற ஆங்கிலக் கும்பினிக்கும் வரி கட்டமாட்டேன் என்று நிமிர்ந்து நின்ற பூலித்தேவனின் ஊர் அது. 1755 ஆம் ஆண்டு எரோன் என்னும் வெள்ளைப் படைத்தலைவன் படை நடத்தி வந்து அக்கோட்டைமுன் நின்றான். எண்ணியது முடியாமல் வந்த வழியே திரும்பினான். ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் குல வேற்றுமை பாராது தேவனுக்குத் தோள் கொடுத்தனர். 1761 இல் யூசுபுகானின் படை கோட்டையை வீழ்த்தியது. கோட்டை வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. பகைவர் சூழ வந்தபொழுது பூலித்தேவன் சங்கரன்கோயில் திருக்கோயிலுள் புகுந்து மறைந்தான் என்பது ஊரார் இன்றும் சொல்லும் வழக்கு. அவன் மறைந்ததாகச் சொல்லப்படும் இடத்தைக் கோயிலுக்குச் செல்வோர் இன்றும் நின்று பார்த்துச் செல்கின்றனர்.

அவ்வாறு பார்த்துத் திரும்புவோருள் ஒரு தறிக்காரர் இருப்பார். அவர் மகன் இலண்டனில் இருப்பான். மகனை அனுப்புவதற்காகப் பாட்டன் வைத்துப்போன இரண்டு மா நிலம் கைமாறியிருக்கும். தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடையில் இருக்கும். தேவன் மறுத்த வரியை இவர் கட்டிக்கொண்டிருப்பார். அன்று வெள்ளையன் படையோடு வந்து கேட்டான், கொடுக்கவில்லை. இன்று அவன் வரவுமில்லை, கேட்கவுமில்லை. இவரே கடன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

இது மிகைப்பட்ட கூற்றன்று. கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

வரியின் கணக்கு

பிரித்தானியாவிற்குப் பணி செய்யச் செல்லும் அயல்நாட்டான், நுழைவிசைவுக் கட்டணத்தின்மேல் ‘நலவாழ்வுக் கூடுதல் கட்டணம்’ என்று ஒன்று கட்டவேண்டும். 2024 பிப்ரவரியில் அஃது அகவை நிரம்பிய ஒருவர்க்கு ஆண்டொன்றுக்கு 1,035 பவுண்டு என உயர்த்தப்பட்டது. மருத்துவத் துறையினர்க்கும் முதியோர் பேணும் பணியாளர்க்கும் இதில் விலக்கு உண்டு. கணினிப் பொறியாளனுக்கும் கணக்கனுக்கும் இல்லை. அவன் அந்நாட்டுக் குடிமகனைப் போன்றே வருமான வரி கட்டுகிறான். காப்பீட்டுத் தொகை கட்டுகிறான். அவ்விரண்டிற்கும் மேலாக இதையும் கட்டுகிறான். ஒரே மருத்துவமனைக்கு இருமுறை பணம் கொடுப்பவன் அவன் ஒருவனே. மனைவியை அழைத்துச் சென்றால் அவளுக்கும் கட்டவேண்டும்.

ஐந்தாண்டு இவ்வாறு கட்டிப் பணி செய்தால், நிலையாகத் தங்கும் உரிமை கிட்டும் என்பது அந்நாடு கொடுத்த சொல். அச்சொல்லை நம்பித்தான் சங்கரன்கோயிலில் நிலம் விற்றது. ஐந்தாண்டிற்கு ஒருவர்க்கு 5,175 பவுண்டு. அதன்பின் நிலையுரிமைக்கு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்திற்கு 2025 இல் வாங்கிய கட்டணம் 3,029 பவுண்டு.

2025 ஆம் ஆண்டு மே திங்கள் 12 ஆம் நாள் தலைமையமைச்சர் கீர் சுடார்மர் குடியேற்றம் பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். ஐந்தாண்டு என்பது பத்தாண்டு ஆகும் என்றது அவ்வறிக்கை. அதே ஆண்டு நவம்பரில் உள்துறை அமைச்சர் சபானா மகமூது அதனை விரித்துரைத்தார். பத்தாண்டு என்பது பொதுவான அளவு. பட்டப்படிப்பு வேண்டாத பணிகளில் உள்ளோர்க்குப் பதினைந்தாண்டு. அரசின் உதவித்தொகை பெற்றோர்க்கு அதனினும் மிகுதி. ஏதிலியராய் ஏற்கப்பட்டோர்க்கு இருபதாண்டு. ஏதிலியர்க்குத் தரும் காப்பும் முப்பது திங்களுக்கு ஒருமுறை மறுபடியும் ஆராயப்படும் என்றார். இன்னும் வரப்போகிறவர்க்கு மட்டும் அன்று, ஏற்கெனவே வந்து நான்காண்டு கழித்தவர்க்கும் இக்கணக்குப் பொருந்தவேண்டும் என்பதே அத்திட்டம்.

ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவன் எல்லைக் கோட்டை நெருங்கும்பொழுது, கோட்டைத் தூக்கி இரு மடங்கு தொலைவில் வைப்பது எந்த நாட்டு முறைமை? ஐந்தாண்டுக் கணக்கு 5,175 பவுண்டாக இருந்தது; பத்தாண்டுக் கணக்கில் அது 10,350 பவுண்டு. ‘அப்பா, இன்னும் ஐந்தாண்டு கூட்டிவிட்டார்களாம்’ என்று மகன் தொலைபேசியில் சொல்லும்பொழுது, தறிக்காரர் கேட்பது சட்டத்தைப் பற்றியன்று. ‘அப்போ சங்கிலியை எப்போப்பா திருப்புவது?’ என்பதே அவர் கேள்வி. அக்கேள்விக்கு இலண்டனிலும் விடையில்லை, சங்கரன்கோயிலிலும் விடையில்லை.

அச்சம் புதிதன்று

அயலகத்தில் வாழும் தமிழர் அந்த அரசின் போக்கைக் கண்டு இன்று அஞ்சுகின்றனர். எந்தக் கட்சி வந்தால் நன்மை, எந்தக் கட்சி வந்தால் கேடு என்று இரவெல்லாம் கணக்கிடுகின்றனர். தொழிற்கட்சி ஏழைக்கு இரங்கும் கட்சி என்று நம்பி 2024 சூலையில் அதன் வெற்றியைக் கொண்டாடியவர் பலர். அவர்கள் ஐம்பது அறுபது ஆண்டு வரலாற்றைத் திருப்பிப் பார்த்திருந்தால் இந்த ஏமாற்றம் நேர்ந்திராது.

போருக்குப் பின் இடிந்து கிடந்த அந்நாட்டைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. குடியேற்ற நாட்டு மக்களை வருக வருக என்றது. வேலை முடிந்தது, 1962 இல் பழமைபேண் கட்சி முதல் கதவை அடைத்தது. 1968 இல் கெனியாவிலிருந்து வெளியேறிய இந்திய வழியினர், பிரித்தானியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்நாட்டு வாயிலில் நின்றனர். அப்பொழுது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. தலைமையமைச்சர் ஆரோல்டு வில்சன். மூன்றே நாளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு சட்டத்தை ஓட்டி முடித்தனர். பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ அந்த மண்ணிற் பிறந்திருந்தாலன்றி, அந்த நாட்டுக் கடவுச்சீட்டே அந்த நாட்டுக்குள் நுழையப் போதாது என்றது அச்சட்டம். வெள்ளையனின் பேரனுக்குத் திறந்த கதவு கறுத்தவனுக்கு மூடியது. ஆயினும் அச்சட்டத்தில் நிறம் என்னும் சொல்லே இல்லை! 1971 இல் பழமைபேண் கட்சி அதனை மேலும் இறுக்கியது. 1981 இல் தாட்சர் ஆட்சி, அந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்னும் பழைய முறையையும் நீக்கியது.

ஒரு கட்சி பூட்டைப் போடும். மறு கட்சி சாவியைத் திருகும். தேர்தல் நெருங்கும்பொழுது கதவடைப்பில் யார் வல்லவர் என்று இரண்டும் போட்டியிடும். இன்று சீர்திருத்தக் கட்சி என்று மூன்றாவது ஒன்று கிளம்பியிருக்கிறது. நிலையாகத் தங்கும் உரிமை என்பதையே ஒழித்துவிடுவோம் என்று அதன் தலைவர் நைசல் பராசு 2025 செப்டம்பரில் முழங்கினார். அவரைத் தடுக்கவே தாம் கடுமை காட்டுவதாக ஆளுங்கட்சி சொல்லுகிறது. புலி வருமென்று அஞ்சி, ஆட்டைத் தானே அறுத்துவிடும் இடையனின் அறிவு இது!

வெள்ளை அறிக்கையை வெளியிட்ட அன்று, பிரித்தானியா ‘அயலாரின் தீவு’ ஆகிவிடும் இடர் உண்டு என்று சுடார்மர் பேசினார். அச்சொல்லுக்கு எதிர்ப்புக் கிளம்பவே, அடுத்த திங்கள் அதற்காக வருந்துவதாகச் சொன்னார். சொல்லுக்கு வருந்தினார், திட்டத்திற்கு வருந்தவில்லை.

ஆட்சி நாற்காலியில் ஆசிய வழியினர் அமர்ந்தால் இரக்கம் பிறக்கும் என்று எண்ணுவோரும் உளர். 2022 ஆம் ஆண்டு உள்துறை அமைச்சராகிய சுவெல்லா பிரேவர்மேன் அம்மையாரின் தாய், மொரீசியசுத் தீவின் தமிழ்க் குடும்பத்தவர். ஏதிலியரை ஏற்றிக்கொண்டு உருவாண்டாவிற்குப் பறக்கும் வானூர்தியைக் காண்பதே தம் கனவு என்று தம் கட்சி மாநாட்டில் சொன்னவர் அவரே. தாய் யார் என்பது ஆட்சியை நடத்துவதில்லை. கொள்கை யாருடையது என்பதே நடத்துகிறது.

தமிழன் கண்ட இலண்டன்

பிறர்க்கு நேர்ந்தது இருக்கட்டும். தமிழர்க்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நெல்லைச் சீமையிலிருந்தும் மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்தும் ஏழைகளை அள்ளிக்கொண்டு போய் இலங்கை மலைகளில் காப்பியும் தேயிலையும் பயிரிட வைத்தவன் வெள்ளையன். காட்டை அழித்தவர் தமிழர். அட்டைக் கடியில் குருதி கொடுத்தவர் தமிழர். 1948 இல் வெள்ளையன் கொடியை இறக்கிக்கொண்டு புறப்பட்டான். அவன் கப்பலேறிய அதே ஆண்டில் அம்மக்களின் குடியுரிமையைச் சிங்கள அரசு பறித்தது. சிறுபான்மையரைக் காக்கும் பிரிவு இருக்கிறது என்று சோல்பரி அரசமைப்பை வரைந்தவர்கள் உறுதி சொல்லியிருந்தனரே! அதை நம்பித் தமிழர் வழக்காடினர். வழக்கு இலண்டனில் உள்ள மன்றம் வரை, கோமறை மன்றம் என்னும் மேல்முறையீட்டு அவை வரை சென்றது. 1953 இல் அம்மன்றம், சிங்கள அரசின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அழைத்துச் சென்றவனும் அவனே. நட்டாற்றில் விட்டவனும் அவனே. அது முறையே என்று முத்திரை குத்தியவனும் அவனே!

அடுத்து 1987. கொழும்பின் கொலைக்களத்திற்குத் தப்பி ஈழத்தமிழர் ஏறத்தாழ அறுபது பேர் அவ்வாண்டு பிப்ரவரியில் ஈத்ரோ வானூர்தி நிலையத்தில் இறங்கினர். திருப்பி அனுப்ப ஆணை பிறந்தது. வானூர்தியில் ஏற்றும் வேளையில் அவர்கள் தம் ஆடைகளைக் களைந்து, குளிர்காலத்து ஓடுபாதையில் உள்ளாடையோடு நின்றனர். மானத்தை உயிரினும் பெரிதென்று போற்றிய இனம், உயிரைக் காக்க ஆடையைக் களைந்த நாள் அது. முறைமன்றம் இடைத்தடை விதித்ததால் வானூர்தி அவர்களின்றிப் பறந்தது. அதைக் கண்டு அவ்வரசு என்ன செய்தது? உரிய தாள் இல்லாதவரை ஏற்றிவரும் வானூர்தி நிறுவனத்திற்குத் தலைக்கு 1,000 பவுண்டு தண்டம் என்று அவ்வாண்டே சட்டம் செய்தது. இனி அடைக்கலம் கேட்பவனை மறுக்க அமைச்சர் வேண்டாம். சீட்டுக் கொடுக்கும் பணியாளே போதும்!

அதே ஆண்டு ஆரிச்சுத் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்னும் பழைய கப்பலைச் சிறையாக்கி அடைக்கலம் தேடி வந்தோரை அதில் அடைத்தனர். அவர்களுள் தமிழர் பலர். அக்டோபரில் அடித்த பெரும்புயல் அக்கப்பலின் கட்டை அறுத்து இழுத்துச் சென்றது. அமைச்சர் விடுவிக்கவில்லை, காற்று விடுவித்தது.

அவ்வாண்டின் இறுதியில், ஆறு தமிழரின் வழக்கில் பிரபுக்கள் அவை முறைவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அஞ்சுகிறேன் என்று ஏதிலி சொன்னால் போதாது. அவ்வச்சத்திற்கு உண்மையான அடிப்படை உண்டென்று அமைச்சர் நிறைவுகொள்ளவேண்டும் என்பது அத்தீர்ப்பு. 1988 பிப்ரவரியில் அவர்களுள் ஐவர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1989 இல் மேல்முறையீட்டை ஆராய்ந்த நடுவர், அவர்கள் அஞ்சியது மெய்யே, அனுப்பியது தவறு என்றார். அதன் பின்னரே அவர்கள் பிரித்தானியா திரும்ப முடிந்தது. பாம்பு கடிக்குமா கடிக்காதா என்று பார்க்கக் குழந்தையைப் புற்றில் விட்டுப் பார்த்தவர்க்கும் இவர்க்கும் என்ன வேற்றுமை? அவ்வளவு நடந்த பின்னும், மாந்தவுரிமைக்கான ஐரோப்பிய மன்றம் 1991 இல், பிரித்தானிய அரசு உரிமை மீறவில்லை என்றே சொல்லி முடித்தது.

தியேகோ கார்சியாவின் கூடாரங்கள்

இவை பழங்கதை, இன்று உலகம் மாறிவிட்டது என்பார்க்கு 2021 ஆம் ஆண்டு விடை சொல்லும்.

அவ்வாண்டு தென்னிந்தியக் கரையிலிருந்து கனடாவை நோக்கி ஒரு மீன்பிடிப் படகு புறப்பட்டது. அதில் ஈழத்தமிழர் 89 பேர். நடுக்கடலில் படகு பழுதுற்றது. பிரித்தானியக் கப்பற்படை அதனை இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள தியேகோ கார்சியாவில் கரை சேர்த்தது. சாகோசுத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த அத்தீவு, அமெரிக்கப் படைத்தளத்திற்காக அங்கு வாழ்ந்த மக்களை வேரோடு பிடுங்கியெறிந்த தீவு. அங்கே சுற்றுவேலியிட்ட இடத்தில், எலிகள் திரியும் கூடாரங்களில், மூன்றாண்டிற்கு மேல் அவர்களுட் பலரும் பின்னர் வந்த வேறு சிலரும் கிடந்தனர். குழந்தைகளும் கிடந்தன. உண்ணாநோன்பு இருந்தனர், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றனர். மருத்துவத்திற்கென்று சிலரை 2023 இல் உருவாண்டாவிற்குக் கொண்டுபோயினர். ஈழத்தில் பிறந்து, தமிழகத்தில் ஒதுங்கி, கனடாவிற்குப் புறப்பட்டு, பிரித்தானியத் தீவில் சிறைப்பட்டு, ஆப்பிரிக்க மருத்துவமனையில் கண் விழித்த தமிழனின் நாடு எது?

2024 திசம்பரில் அவர்களுள் பெரும்பாலோர் பிரித்தானியாவிற்குக் கொண்டுவரப்பட்டனர். அதே திங்களில் அத்தீவின் ஆட்சிப்பகுதிக்குரிய உச்சமன்றம், அவர்களை அடைத்து வைத்தது சட்டத்திற்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் பாராட்டவேண்டும். அவர்களுக்காக வழக்காடிய வழக்கறிஞருள்ளும், செய்தியை வெளிக்கொணர்ந்த இதழாளருள்ளும் ஆங்கிலேயர் இருந்தனர் என்பதை மறைக்கவும் வேண்டா. பகை ஆங்கில மக்களோடன்று. ஓர் இனத்தின் உயிரும் மானமும் இன்னோர் இனத்தின் அரசு காட்டும் இரக்கத்தில் தொங்குகின்றதே, அந்தத் தொங்கலோடுதான் பகை.

அடகு வைத்த மொழி

இத்தனை நடந்தும் தமிழகத்துத் தெருக்களில் இலண்டன் மயக்கம் குறைந்ததா? இல்லை. மகன் இலண்டன் செல்லவேண்டும். அதற்கு ஆங்கிலம் வேண்டும். அதற்கு மழலைப் பள்ளியிலிருந்தே ஆங்கிலவழிக் கல்வி வேண்டும் என்பதே பெற்றோரின் கணக்கு. அக்கணக்கிற்கு அரசுகளும் துணைபோயின. ஐந்தாம் வகுப்பு வரையாவது தமிழ் பயிற்றுமொழியாகட்டும் என்று 1999 இல் வெளியிட்ட ஆணையை 2000 இல் சென்னை உயர்மன்றம் செல்லாதென்றது. 2012–13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளை ஆண்டுதோறும் பெருக்கினர். தமிழை வளர்ப்போம் என்று மேடையில் முழங்கிய இரு பெருங்கட்சிகளும் பள்ளிக்குள் ஆங்கிலத்தையே வளர்த்தன.

அதன் பயன் என்ன? 2026 சனவரி முதல், பணி நுழைவிசைவு கேட்போர்க்கு வேண்டிய ஆங்கிலத் தகுதியின் அளவைப் பிரித்தானிய அரசு மேலும் ஒரு படி உயர்த்திவிட்டது. மூன்று அகவையிலேயே தாய்மொழியை அடகு வைத்து ஆங்கிலத்தை வாங்கினான் தமிழன். வாங்கிய சரக்கை எடுத்துக்கொண்டு உரியவனிடமே சென்றான். இது போதாது, இன்னும் கொண்டு வா என்கிறான் அவன்! தாய்மொழியில் ஒரு கட்டுரை எழுதத் தெரியாமலும், ஆங்கிலத்தில் எழுதியது போதாமலும், இரண்டு கரைக்கும் இடையே நிற்கும் தலைமுறையை உருவாக்கியதுதான் ஆங்கிலவழியின் ஊதியம்.

‘இங்கே வேலை இல்லையே, போகாமல் என்ன செய்வது?’ என்று தறிக்காரர் கேட்பார். அக்கேள்வியில் ஞாயம் உண்டு. பொறியியல் படித்தவனுக்கு அவன் பிறந்த வட்டத்தில் வேலையில்லை என்றால், குற்றம் அவனுடையதன்று. விசைத்தறியும் மலர்ச்சந்தையும் உடைய சங்கரன்கோயில், தன் மக்களைத் தானே வாழவைக்கும் தொழில்களைப் பெறாமற் போனதற்குச் சென்னையும் தில்லியும் விடை சொல்லவேண்டும். வேலைக்குச் செல்கிறவனை எவரும் பழிக்கவில்லை. பழிக்கத்தக்கது, செல்வதற்காகவே பிறந்தோம் என்னும் எண்ணம். அங்கே சென்றால் காப்பு, இங்கே இருந்தால் தாழ்வு என்னும் மயக்கம்.

முற்றத்தில் கிடக்கும் குற்றம்

இலண்டனை நோக்கி நீட்டிய கையை மடக்கி, ஒருமுறை தமிழகத்தின் முற்றத்தையும் காட்டவேண்டும்.

ஈழத்தமிழனுக்குப் பிரித்தானியா இருபதாண்டுக் காத்திருப்பை வகுத்தது கொடுமை. 1983 இல் தொடங்கி அலையலையாய் வந்து, தமிழகமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் அடைபட்டுக் கிடக்கும் ஈழத்தமிழர்க்கு இந்திய அரசு வகுத்தது என்ன? நாற்பதாண்டு கடந்தும் குடியுரிமை இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணந்து, பிள்ளையும் பெற்றவர்கள் இன்னும் ஏதிலியர். ஏதிலியர் பற்றிய 1951 ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவே இல்லை. 2019 இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபொழுது மூன்று நாடுகளைப் பெயர் சொல்லிச் சேர்த்தனர், இலங்கையைச் சேர்க்கவில்லை. 2021 இல் தமிழக அரசு, முகாம் என்றிருந்ததை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, வீடுகள் கட்டியது. வீடு நன்று, பெயரும் நன்று. ஆனால் குடியுரிமை தில்லியில் பூட்டிக் கிடக்கிறது. அப்பூட்டை உடைக்கத் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒருசேர எழுந்து அவையை நிறுத்தினார்களா?

தியேகோ கார்சியாவில் சிக்கிய படகு தென்னிந்தியக் கரையிலிருந்தே புறப்பட்டது. தமிழ் மண்ணில் தமிழன் வேரூன்ற முடிந்திருந்தால், அப்படகில் யார் ஏறியிருப்பார்? இலண்டன் அடைத்த கதவைப் பார்த்து அழும் தமிழகம், தன் கதவும் அடைத்தே கிடக்கிறது என்பதை எண்ணி நாணவேண்டும்.

இனிச் செய்யத் தக்கன

அழுவதால் ஆவதொன்றில்லை. செய்யத் தக்கவை உள்ளன.

முதலாவது, பிரித்தானியாவில் வாழும் தமிழர் அறியவேண்டிய ஒன்று. பொதுவள நாடுகளின் குடிமக்கள், முறையான தங்கிசைவோடு அங்கு வாழ்வாராயின், குடியுரிமை பெறுமுன்னரே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை உடையவர். இந்தியாவும் இலங்கையும் அந்நாடுகளுள் அடங்கும். பத்தாண்டு காத்திருக்கவேண்டியவனும் இன்றே வாக்களிக்கலாம். தன் வாக்கைப் பதிந்து வைக்காதவன், அரசு தன்னைக் கேளாமல் சட்டம் செய்கிறது என்று வருந்துவதில் பொருளில்லை.

இரண்டாவது, ஒன்றுபடல். 2009 இல் முள்ளிவாய்க்காலில் குண்டு மழை பொழிந்தபொழுது, இலண்டன் நாடாளுமன்றத் திடலில் தமிழர் 73 நாள் அமர்ந்து கதறினர். கொலையை அந்த அரசு நிறுத்தவில்லை. ஆயினும் அக்கதறலோடு அவர்கள் கலைந்துவிடவில்லை. ஆண்டுதோறும் சான்று திரட்டினர், உறுப்பினர்களை விடாது அணுகினர், வாக்கைத் திரட்டினர். 2024 இல் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உமா குமரன் அந்நாடாளுமன்ற உறுப்பினரானார். 2025 மார்ச்சில் இலங்கையின் முன்னாள் படைத்தலைவர் மூவர்மீதும் கருணாமீதும் பிரித்தானியா தடை விதித்தது. பதினாறாண்டு கழித்துக் கிடைத்த சிறு பயன்தான். ஆனால் அது கெஞ்சிப் பெற்றதன்று, திரண்டு பெற்றது. ஈழத்தமிழர், தமிழகத்தமிழர், மலையகத்தமிழர் என்று மூன்று அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தால் எதிலும் சோறு வேகாது.

மூன்றாவது, மொழி. அங்குள்ள பெற்றோர் விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர். மண்ணை இழந்தவன் மொழியின் அருமையை அறிகிறான். மண்ணில் இருப்பவன் அறியவில்லை. சங்கரன்கோயிலில் உள்ள பிள்ளை தமிழ்வழியில் கற்கட்டும்; ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்கட்டும். தமிழ்வழிக் கற்றவர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கீடு என்று 2010 இல் சட்டம் வந்தது. அது போதாது, தமிழ் மண்ணில் எல்லா வேலையும் தமிழாலேயே கிட்டும் நிலை வரவேண்டும். அந்நாள் வரும்பொழுது இலண்டன் செல்வதும் செல்லாததும் ஒருவன் விருப்பமாகும். வயிற்றின் கட்டளையாக இராது.

நான்காவது, தமிழகத்திலுள்ள ஈழத்தமிழர்க்குக் குடியுரிமை. இதனைக் கேளாமல் இலண்டனிடம் எதனைக் கேட்கவும் தமிழகத்திற்கு வாயில்லை.

தன் மண்ணில் தான் ஆளாத இனத்திற்கு அயல் மண்ணில் எந்த ஆட்சி வந்தாலும் அச்சமே. கட்சி மாறும், அமைச்சர் மாறுவர், ஐந்து பத்தாகும், பத்து இருபதாகும். அடகுக் கடையில் கிடக்கும் சங்கிலியின் வட்டி மட்டும் நில்லாது ஏறும்.

நெற்கட்டான்செவல் கோட்டையின் மண்சுவர்கள் கரைந்து போயின. சங்கரன்கோயில் திருக்கோயிலில் தேவன் மறைந்ததாகச் சொல்லும் இடத்தில் ஆடித் தவசுக்கு வரும் கூட்டம் ஒரு நொடி நின்று நகர்கிறது. அந்த ஒரு நொடியில் தறிக்காரர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்: கட்டமாட்டேன் என்று சொன்னவனின் ஊரில் பிறந்து, இன்னும் எத்தனை தலைமுறை கட்டிக்கொண்டிருப்பது?